வாய்ப்புற்று என்றதும் அட்வான்ஸ் கட்டிவிடாதீர்கள்

களியக்காவிளை, பாறசாலைப் பக்கம் உள்ளவர்களுக்காக எழுதுகிறேன். அத்தானுக்கு நாக்கின் ஓரத்தில் ஆறாத புண். வெற்றிலையோடு புகையிலையும் போடுகிறவர். புண்ணில் துளி சதை எடுத்துச் சோதித்த பயாப்சியில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்று வந்தது. வாயில் பெரும்பாலும் வரும் புற்றுநோய் வகை அது.

பயாப்சி எடுத்த தனியார் ஆஸ்பத்திரியில் அன்றைக்கே ஒரு கோஆர்டினேட்டர் அக்காவைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் இல்லை, கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பையன். “நாளைக்கே கீமோ ஆரம்பிக்கணும், ஆபரேஷன் பத்தி அப்புறம் யோசிக்கலாம். ஆர்.சி.சி.க்குப் போனா வரிசையில நின்னே நோய் முத்திடும்.” ஆர்.சி.சி. என்பது திருவனந்தபுரத்தில் உள்ள மண்டலப் புற்றுநோய் மையம். அக்கா பயந்துபோய் வளையலை அடகு வைத்து எண்பதாயிரம் கட்டிவிட்டாள். அதுவரை கழுத்துக்கு ஒரு ஸ்கேன்கூட எடுக்கவில்லை, எந்த சர்ஜனும் வாயைத் திறந்து பார்க்கவில்லை.

வெட்டி எடுக்கக்கூடிய வாய்ப்புற்றுக்குப் பொதுவாக ஆபரேஷன்தான் முதல். புற்று முதலில் பரவக்கூடிய கழுத்து நெறிகளையும் (நிணநீர்க் கட்டிகள்) சேர்த்து எடுப்பார்கள். நெறி கையில் தட்டுப்படாத ஆரம்ப நிலையிலும் முதலிலேயே எடுத்துவிட்டால் பிழைப்பவர்கள் அதிகம் என்று மும்பை டாடா மெமோரியல் ஆய்வு 2015இல் காட்டியது. ரேடியேஷன் வேண்டுமா, கீமோவும் வேண்டுமா என்பதெல்லாம் எடுத்த சதையின் ரிப்போர்ட்டைப் பார்த்து முடிவாகும்.

வேறு இடத்தில் காட்ட ஸ்லைடும் பிளாக்கும் கேட்டோம். ஸ்லைடு என்பது மைக்ராஸ்கோப்பில் பார்க்க சதையை மெல்லிசாகச் சீவி ஒட்டிய கண்ணாடித் துண்டு. பிளாக் என்பது சதையை மெழுகில் பதித்த சின்னக் கட்டி. மறுபடி சோதிக்க அதுதான் வேண்டும். ‘லேபுக்குப் போயிருக்கு’, ‘சார் லீவு’ என்று இழுத்தடித்தார்கள். எழுத்தில் கேட்டு, நகலில் சீல் வாங்கிய பிறகுதான் கைக்கு வந்தது. பணத்தில் பாதியை ‘படுக்கை முன்பதிவு’ என்று பிடித்துக்கொண்டார்கள். அத்தான் ஒருநாள்கூடப் படுக்காத படுக்கை!

திருவனந்தபுரம் ஆர்.சி.சி.யில் வரிசை நீளம்தான், அது பொய்யில்லை. ஆனால் சர்ஜனும் ரேடியேஷன் டாக்டரும் சேர்ந்து பார்த்து, ஆபரேஷன்தான் முதல் என்றார்கள். பின்னால் ரேடியேஷன் தேவைப்படலாம் என்பதால் ஆட்டம் கண்ட கடைவாய்ப் பற்களை முன்கூட்டியே பிடுங்கச் சொன்னார்கள். ரேடியேஷனுக்குப் பிறகு பிடுங்கினால் புண் ஆறாமல் தாடை எலும்பே செத்துப்போகலாமாம். முந்தைய இடத்தில் பல்லைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

பிடித்துக்கொண்ட அந்தப் பாதிப் பணத்துக்காக நாகர்கோவிலில் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். எதற்கான பணம் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். எங்கள் ரசீதில் ‘அட்வான்ஸ்’ என்று மட்டும் இருக்கிறது, இப்போது அதை வைத்துத்தான் அவர்கள் வாதாடுகிறார்கள்.