கோபாசி: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பிறகு

செல்லுக்குள் நடக்கும் வேதிவினைகளைக் கணித மாதிரியாக்கிப் பார்க்க நான் பல வருடங்களாக நம்பியிருக்கும் மென்பொருள் கோபாசி. 1990களில் பெட்ரோ மென்டிஸ் எழுதிய கெபாசி என்ற மென்பொருளின் வழியில் வந்தது. இலவசம், திறமூலம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நிறுவுவதில் சிக்கல் எதுவும் இல்லை.

வினைகளை ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்தால் வகைக்கெழுச் சமன்பாடுகளை அதுவே அமைத்துத் தீர்த்துவிடும். நிரல் எழுதாத உயிரியல்காரர்களுக்கு இதுவே பெரிய உதவி. ஆனால் எனக்குப் பிடித்தது வேறு. ஒவ்வொரு வினைக்கும் வேக விதி (வேகம் செறிவைப் பொறுத்து எப்படி மாறும் என்ற சூத்திரம்) என்ன, ஒவ்வொரு பொருளுக்கும் தொடக்கச் செறிவு எவ்வளவு என்று சொல்லாமல் இதில் நகர முடியாது. காகிதத்தில் ‘இந்தப் புரதம் அதைத் தடுக்கிறது’ என்று ஒரு கோடு போட்டுவிடலாம். இங்கே, உற்பத்தியைத் தடுக்கிறதா, சிதைவை வேகப்படுத்துகிறதா, எத்தனை மூலக்கூறுகள் சேர்ந்தால் தடுக்கும் என்றெல்லாம் முடிவெடுத்தாக வேண்டும். தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருந்த பல விஷயங்கள் உண்மையில் யாரும் அளந்திராதவை என்பது அப்போதுதான் புலப்படும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் வெளியான உயிரியல் மாதிரிகளைச் சேமித்து வைக்கும் பயோமாடல்ஸ் தரவுத்தளத்திலிருந்து ரெப்ரசிலேட்டர் மாதிரியை எஸ்பிஎம்எல் (இத்தகைய மாதிரிகளுக்கான பொதுக் கோப்பு வடிவம்) கோப்பாக எடுத்துத் திறந்து பாருங்கள். எலோவிட்ஸ், லீப்லர் என்ற ஆய்வாளர்கள் 2000இல் ஈ.கோலை பாக்டீரியாவில் உருவாக்கிய மரபணுச் சுற்று அது. மூன்று மரபணுக்கள், ஒவ்வொன்றும் அடுத்ததை அடக்கும். ஓட்டினால் மூன்று புரதங்களும் மாறி மாறி ஏறி இறங்கும். புரதம் சிதையும் வேகத்தை மட்டும் குறைத்துக்கொண்டே வாருங்கள், ஒரு கட்டத்தில் அலை அடங்கி எல்லாம் ஒரே மட்டத்தில் நின்றுவிடும். புரதமும் எம்ஆர்என்ஏவும் (மரபணுவிலிருந்து புரதம் செய்ய உதவும் இடைநகல்) ஏறக்குறைய ஒரே வேகத்தில் சிதைந்தால்தான் ஊசலாட்டத்துக்கு வாய்ப்பு அதிகம் என்று அவர்களுடைய கணக்கும் சொன்னது. அதனால்தான் அடக்கும் புரதங்கள் சீக்கிரம் சிதையும்படி அவற்றின் முனையில் வால் போன்ற ஒரு சிறு துண்டைச் சேர்த்தார்கள். எதைக் கட்ட வேண்டும் என்பதைச் சமன்பாடு முன்கூட்டியே சொல்லிக்கொடுத்த இந்த இடம் எனக்கு இன்றும் சிலிர்ப்பு தருவது.

மூலக்கூறுகளின் எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது ஒவ்வொரு வினையையும் தற்செயல் நிகழ்வாக எடுத்துக் கணக்கிடும் கில்லெஸ்பி முறைக்கு மாற்றி ஓட்டலாம். வழுவழுப்பான அலைக்குப் பதில் உயரமும் இடைவெளியும் ஒவ்வொரு முறையும் மாறும், நுண்ணோக்கியில் தெரியும் செல்களைப் போலவே. அதற்கு முன் மீள்வினைகளை முன்வினை, பின்வினை என்று பிரிக்க வேண்டும். கோபாசியிலேயே அதற்கு வசதி உண்டு. ஆனால் எல்லா வேக விதிகளும் தானாகப் பிரியாது, சிலவற்றைக் கையால்தான் எழுத வேண்டும்.

அளவுரு மதிப்பீடுதான், அதாவது மாதிரியில் தெரியாத எண்களைத் தரவிலிருந்து கணிப்பதுதான், நான் அதிகம் பயன்படுத்தும் பகுதி, அதிகம் எச்சரிக்க விரும்புவதும் இதைப் பற்றித்தான். தரவைக் கொடுத்தால் மரபணு வழிமுறை, துகள் திரள், லெவன்பெர்க்-மார்க்வர்ட் என்று ஏதாவதொரு தேடல் முறையில் தேடி, புள்ளிகள் மேல் அழகாகப் படியும் வளைவைக் கொடுத்துவிடும். அந்த அழகை உடனே நம்பாதீர்கள். மைக்கேலிஸ்-மென்டன் வேக விதிப்படி இயங்கும் நொதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். சப்ஸ்ட்ரேட்டின் (நொதி மாற்றும் பொருளின்) செறிவு எப்போதும் கேஎம் (பாதி உச்ச வேகம் கிடைக்கும் செறிவு) மதிப்பை விட மிகக் குறைவாக இருந்தால் விமேக்ஸ் (உச்ச வேகம்), கேஎம் இரண்டின் விகிதம் மட்டுமே தரவில் இருக்கிறது. இரண்டையும் இரட்டிப்பாக்கினாலும் வளைவு கிட்டத்தட்ட அதேதான். மென்பொருள் இரண்டுக்கும் தனித்தனி எண் கொடுக்கும், ஆனால் தனியாக அவற்றுக்கு அர்த்தமில்லை. நான் முதலில் பார்ப்பது முடிவுகளோடு வரும் திட்ட விலக்கத்தையும் ஒட்டுறவு அணியையும்தான் (எந்த அளவுருக்கள் சேர்ந்தே மாறுகின்றன என்று காட்டும் அட்டவணை). இரண்டு அளவுருக்களின் ஒட்டுறவு 1ஐ நெருங்கினால், தேடும் முறையை மாற்றிப் பயனில்லை. அதிகச் செறிவில் இன்னொரு பரிசோதனை செய்ய வேண்டும். அந்தப் பரிசோதனை எது என்று மாதிரி காட்டிக்கொடுப்பதையே நான் அதன் பெரிய பலனாகக் கருதுகிறேன்.

குறைகள் என்றால், மாதிரியின் ஒவ்வொரு அறைக்குள்ளும் (செல் அல்லது அதன் ஒரு பகுதி) எல்லாம் சீராகக் கலந்திருப்பதாகவே இது எடுத்துக்கொள்கிறது. செல்லின் ஒரு மூலையிலிருந்து பரவும் கால்சியம் அலை போன்றவற்றுக்கு இடத்தையும் கணக்கில் எடுக்கும் விசெல் மென்பொருள் பக்கம் போக வேண்டும். வரைபடங்களும் சுமார்தான். அப்புறம், ஒரே ஆய்வை மதிப்புகளை மாற்றி மாற்றித் திரும்ப ஓட்ட வேண்டியிருந்தால் சொடுக்கிக்கொண்டே இருப்பது அலுத்துவிடும். அந்த வேலையைப் கோபாசியைப் பைத்தான் நிரலிலிருந்து இயக்க உதவும் பாசிகோ வழியாகச் செய்கிறேன். அதில் சேமித்த கோப்பைக் கோபாசியிலேயே திறந்து சரிபார்க்கலாம்.