கடனைப் பாதியாக்கித் தருகிறோம் என்று போன் வந்தால்

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மச்சினனுக்கு இரண்டு கிரெடிட் கார்டு, ஒரு பர்சனல் லோன் என்று ஆறு லட்சத்துக்கு மேல் கடன். ஆர்டர் குறைந்து சம்பளத்திலும் கை வைத்துவிட்டார்கள். கார்டில் மினிமம் மட்டும் கட்டிக்கொண்டிருந்தான், அசல் அசையவே இல்லை. அந்த நேரம் பார்த்து இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம்: 2016 திவால் சட்டப்படி பாதிக் கடன் தள்ளுபடி. நிறுவனத்தின் பெயரை நான் இங்கே போடவில்லை. இதே வேலையைப் பல பெயர்களில் செய்கிறார்கள்.

முதல் போனிலேயே, "சார், இ.எம்.ஐ.யை நிறுத்திடுங்க, மிச்சத்தை எங்க வக்கீல் பார்த்துப்பார்" என்றார்கள். மாதம் எட்டாயிரம் கட்டணம். செட்டில்மென்ட் முடிந்தால் குறையும் தொகையில் தனியாகப் பங்கு. வங்கி அழைப்புகளைத் தங்கள் எண்ணுக்குத் திருப்பிவிடச் சொன்னார்கள். போன் தொல்லை நின்றதில் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. உண்மையில் அவர்கள் விற்றது அதை மட்டும்தான்.

தவணை 90 நாள் தாண்டியதும் கடன் வாராக்கடன் ஆனது, கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண் சரிந்தது. கணக்கில் பணம் இல்லாமல் ஆட்டோ டெபிட் திரும்பினால் 2007ஆம் ஆண்டின் பணம் செலுத்தும் முறைகள் சட்டம் 25ஆம் பிரிவில் கிரிமினல் வழக்கே போடலாம், செக் பவுன்ஸ் மாதிரிதான். இதை அவனிடம் யாரும் சொல்லவில்லை. அப்புறம் ஆர்பிட்ரேஷன், அதாவது நடுவர் விசாரணைக்கான நோட்டீஸ் வந்தது. "அது சும்மா மிரட்டல், போகாதீங்க" என்று பதில். போகாததால் ஒருதலைப்பட்சமாக உத்தரவாகிவிட்டது. விசாரித்தால், அந்த 'வக்கீல்' செய்ததெல்லாம் மூன்று கடனுக்கும் பெயரை மட்டும் மாற்றி ஒரே மெயிலை அனுப்பியதுதான்.

இப்போது அந்தச் சட்டத்துக்கு வருகிறேன். 2016 திவால் சட்டத்தில் தனிநபருக்கான பகுதி இருப்பது உண்மை. ஆனால் 2019 டிசம்பரில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும். சம்பளக்காரனின் கார்டு கடனுக்கு அது இன்னும் வரவில்லை. வந்தாலும் அதில் உள்ள முழுத் தள்ளுபடி வழி, ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்குள், கடன் 35,000க்குள், சொந்த வீடு இல்லை என்கிறவர்களுக்குத்தான். ஆறு லட்சக்காரனுக்கு அதில் இடமே கிடையாது.

நம்மூரில் மஞ்சக் கடுதாசி என்று சொல்வது வேறு. அது 1920ஆம் ஆண்டுச் சட்டம் (சென்னைக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டம்). நீதிமன்றத்தில் ஐ.பி. எனப்படும் திவால் மனு போட வேண்டும், சொத்து அத்தனையையும் காட்ட வேண்டும், மறைத்தால் தண்டனை. மனு போட்டதும் கடன் ஒழியாது. விடுவிப்பு உத்தரவுக்குத் தனியாக நிற்க வேண்டும். இதை மாதச் சந்தா வாங்கிக்கொண்டு போனிலேயே முடித்துத் தர யாராலும் முடியாது.

செட்டில்மென்ட் கேட்க இடைத்தரகர் தேவையே இல்லை. சமரசத் தீர்வுக்கு வங்கிகள் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஜூனிலேயே சொல்லிவிட்டது. வருமானம் குறைந்ததற்கான ஆதாரத்தோடு எழுத்தில் நீங்களே கேளுங்கள். ஒத்துக்கொண்டால் கடிதம் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள், முடிந்ததும் நிலுவை இல்லை என்ற சான்றை விடாதீர்கள். சிபிலில் 'செட்டில்டு' என்றுதான் பதியும், அடுத்த கடன் சுலபமாகக் கிடைக்காது. லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) நோட்டீஸ் வந்தால் கட்டாயம் போங்கள், அங்கே கட்டணம் இல்லை. இலவசச் சட்ட உதவிக்கு 15100. வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7க்குப் பிறகோ கூப்பிட்டால் முதலில் வங்கியிடம் புகார். 30 நாளில் பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மனிடம் போகலாம், அதுவும் இலவசம்.

கடன் தள்ளுபடி என்று விளம்பரம் செய்து கட்டணம் வாங்குபவர்களை நம்பாதீர்கள் என்று 2023 டிசம்பரில் ரிசர்வ் வங்கியே அறிவித்திருக்கிறது. நாங்கள் அதைப் பார்த்தபோது பணம் போயிருந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, கூகுளில் போட்ட ஒற்றை நட்சத்திர விமர்சனத்தை எடுத்தால் இரண்டு மாதக் கட்டணம் தருகிறோம் என்றார்கள். எடுக்கவில்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஒப்பந்தம், யு.பி.ஐ. ரசீது, வாட்ஸ்ஆப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள்.