விருந்தாளி கையில் கோல்ஃப் வண்டி: வீட்டுக் காப்பீடு, தனிப் பாலிசி, வாடகை வண்டி

கடந்த பிப்ரவரியில் மதுரையிலிருந்து என் கல்லூரி நண்பரும் அவர் மனைவியும் மூன்று வாரம் எங்களோடு தங்க வந்தார்கள். நாங்கள் இருப்பது மத்திய ஃப்ளோரிடாவில் உள்ள தி வில்லேஜஸ். ஓய்வு பெற்றவர்களுக்கான இந்த ஊரில் கோல்ஃப் வண்டிகளுக்கென்றே ஏறத்தாழ 100 மைல் நீளத்துக்குப் பாதைகள் உண்டு. காய்கறிக் கடை, நீச்சல் குளம், மருத்துவர் என எல்லாவற்றுக்கும் அந்த வண்டிதான். இரண்டாம் நாளே, "நாற்பது வருஷம் மதுரையில ஸ்கூட்டர் ஓட்டினவன்டா நான், சாவியக் கொடு" என்றார் நண்பர். கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் எந்தக் காப்பீட்டை நம்பிக் கொடுப்பது என்ற கேள்வியை அவர் விமானம் ஏறுவதற்கு ஒரு மாதம் முன்பே அலசி முடித்திருந்தேன்.

வழிகள் மூன்று: வீட்டுக் காப்பீட்டை நம்பி நம் வண்டியைக் கொடுப்பது, வண்டிக்கென்று தனிப் பாலிசி எடுத்துக் கொடுப்பது, விருந்தாளிக்கு வாடகை வண்டி அமர்த்துவது. நான் தேர்ந்தது இரண்டாவது.

வாடகையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வண்டி நம்முடையது அல்ல என்பதால் உரிமையாளர் என்ற பொறுப்பு நம்மீது விழுவதில்லை. அது பெரிய ஆறுதல். ஆனால் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் சேதத்தை யார் ஏற்பது, ஓட்டுநராக யார் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்பதை வரிவரியாகப் படிக்க வேண்டும். குளிர்கால மாதங்களில் அமெரிக்காவின் வடமாநிலங்களைச் சேர்ந்தவர்கள் இங்கே குவிவதால் முன்கூட்டியே பதிவு செய்வதும் அவசியம். நான் ஒரே ஒரு முறைதான் வாடகைக்கு எடுத்திருக்கிறேன், அதுவும் இரண்டு நாளுக்கு. ஆகவே இந்த வழியைப் பற்றிய என் தீர்ப்பை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ள வேண்டும்.

முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு விஷயம்: ஃப்ளோரிடாவில் வண்டியை விரும்பி இரவல் கொடுப்பவர், இரவல் வாங்கியவரின் கவனக்குறைவுக்கும் பதில் சொல்ல வேண்டும். மோட்டார் வண்டியை 'ஆபத்தான கருவி' என்று கருதும் இந்தக் கோட்பாடு இம்மாநிலத்தில் 1920-லிருந்தே இருக்கிறது. கோல்ஃப் வண்டியும் அதில் அடங்கும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1984-ல் தீர்ப்பளித்தது. நான் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தாலும், நண்பர் யாரையாவது இடித்தால் வழக்கு என் பெயருக்கும் வரும். எனவே காப்பீடு இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. அது யாரைக் காக்கிறது, எந்த இடத்தில் காக்கிறது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தபோதுதான் வீட்டுக் காப்பீட்டின் ஓட்டைகள் தெரிந்தன. பல நிறுவனங்கள் அடிப்படையாகக் கொள்ளும் பொதுப் படிவம் கோல்ஃப் வண்டிக்குச் சில நிபந்தனைகளோடு இடம் தருகிறது. நான்கு பேருக்கு மேல் ஏற்றும்படி வடிவமைத்த வண்டியாக இருக்கக் கூடாது; மணிக்கு 25 மைலுக்கு மேல் ஓடக் கூடாது; விபத்து நடந்த இடம் கோல்ஃப் மைதானமாகவோ, வீட்டு உரிமையாளர் சங்கத்தின் ஆளுகைக்கு உட்பட்ட நம் குடியிருப்புப் பகுதியாகவோ இருக்க வேண்டும். இங்கே முதல் சிக்கல்: எங்கள் ஊரை நிர்வகிப்பவை மாநிலச் சட்டப்படி அமைந்த சமூக மேம்பாட்டு மாவட்டங்கள், வழக்கமான உரிமையாளர் சங்கம் அல்ல. இது அந்த நிபந்தனைக்குள் அடங்குமா என்பதை விபத்துக்குப் பிறகு வழக்கறிஞரை வைத்து வாதாட எனக்கு விருப்பமில்லை.

இரண்டாவது சிக்கல்தான் என்னை உண்மையில் உறுத்தியது. அதே படிவத்தில், நம் அனுமதியோடு வண்டி ஓட்டும் வெளியாள் நம் வீடும் அதைச் சார்ந்த இடமும் என்ற எல்லைக்குள் இருக்கும்வரைதான் காப்பீடு பெற்றவராகக் கணக்கிடப்படுகிறார். தெருவில் இறங்கிவிட்டால், நிறுவனம் என் பங்குக்காக வாதாடலாம். நண்பருக்காக வாதாட வேண்டிய கடமை அதற்கு இல்லை. விருந்துக்கு அழைத்து, சாவியையும் கொடுத்து, நடுத்தெருவில் அவரை மட்டும் தனியாக விடுவது போன்றது இது. நியூஜெர்சியிலிருந்து வரும் நண்பராக இருந்தால் அவருடைய சொந்தக் கார் பாலிசி கைகொடுக்கக்கூடும், ஏனெனில் இரவல் வாங்கிய கோல்ஃப் வண்டியைப் பொதுவான கார் பாலிசிப் படிவம் விலக்கி வைப்பதில்லை. மதுரைக்காரருக்கு அப்படி ஒன்றும் இல்லை. அவர் எடுத்து வந்த பயணக் காப்பீடு அவருடைய மருத்துவச் செலவுக்கானது. அவர் பிறருக்கு விளைவிக்கும் காயத்துக்கானது அல்ல.

தனிப் பாலிசி கார் பாலிசியைப் போலவே இயங்குகிறது: உரிமையாளர் அனுமதித்த ஓட்டுநரையும் பொதுவாக உள்ளே சேர்த்துக்கொள்கிறது, வண்டியின் சேதத்துக்கும் திருட்டுக்கும் பணம் தருகிறது, பயணி விழுந்து அடிபட்டால் சிகிச்சைச் செலவுக்கும் ஒரு தொகை வைத்திருக்கிறது. கடைசியாகச் சொன்னது அலங்காரம் அல்ல. பெரும்பாலான வண்டிகளில் பெல்ட் கிடையாது, ஓட்டுபவர் இடப்பக்கம் சட்டென்று திரும்பினால் வலப்பக்க இருக்கையில் இருப்பவர் வெளியே தூக்கி எறியப்படுகிறார். அந்த இருக்கையில் உட்காரப் போவது நண்பரின் மனைவி. பிரீமியமோ, ஓராண்டுக்கானது என் கார் காப்பீட்டின் ஒரு மாதத் தவணையைவிடக் குறைவு. ஆனாலும் முகவரிடம் மூன்று கேள்விகளை எழுதிக் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்கினேன்: அமெரிக்க உரிமம் இல்லாத விருந்தாளி அனுமதி பெற்ற ஓட்டுநராகக் கருதப்படுவாரா, வயது வரம்பு உண்டா, பெட்ரோல் செலவுக்கு அவர் பணம் கொடுத்தால் அது வாடகையாகிவிடுமா. பணம் எதுவும் வாங்காதீர்கள் என்பதே மூன்றாவதற்கு வந்த பதில்.

சட்டத்தின் பக்கமும் ஒரு பொறி இருக்கிறது. 2023 அக்டோபர் 1 முதல் ஃப்ளோரிடாவின் பொதுச் சாலையில் கோல்ஃப் வண்டி ஓட்டும் 18 வயது நிரம்பியவரிடம் அரசு வழங்கிய புகைப்பட அடையாள அட்டை இருந்தால் போதும். நண்பரின் பாஸ்போர்ட் அந்த வேலையைச் செய்தது. ஆனால் மணிக்கு 20 மைலைத் தாண்டி ஓடக்கூடிய வண்டி கோல்ஃப் வண்டியே அல்ல. அது குறைவேக வாகனம் என்ற வேறு வகையில் சேர்ந்து, பதிவு, நம்பர் பிளேட், கட்டாயக் காப்பீடு, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றையும் கேட்கிறது. வேகத்தைக் கூட்டி மாற்றியமைத்த வண்டிகள் இங்கே ஏராளம். வண்டியைப் பழையதாக வாங்கியவர்கள், யாருக்கும் கொடுப்பதற்கு முன் ஜி.பி.எஸ். வைத்து உச்ச வேகத்தை ஒரு முறை அளந்து பார்ப்பது நல்லது. என்னுடையது 19-ல் நின்றது.

நண்பரை முதல் இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்ட வைத்தேன். வலப்பக்கப் போக்குவரத்து அரை மணியில் பழகிவிட்டது. நம் ஊர் ரவுண்டானாவை இடமிருந்து சுற்றிய கைக்கு இங்கே எதிர்த்திசையில் சுற்றுவதுதான் பழகவில்லை. அடுத்த ஆண்டு இரண்டு குடும்பங்கள் சேர்ந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அப்போது இரண்டாவது வண்டிக்கு வாடகைக் கடைக்குத்தான் போக வேண்டியிருக்கும்.