பந்தயக் காரா, போர்க்கப்பலா? ஈரக் காற்றில் மாதிரி செய்வோருக்கு

ஃபார்முலா ஒன் பந்தயத்தையும் நவீனப் போர்க்கப்பல்களையும் சம ஆர்வத்தோடு கவனித்துவரும் ஒருவர், ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் மாதிரி வாங்கப் போனால், கையில் இருக்கும் பணத்துக்கு ஏதாவது ஒன்றைத்தான் எடுக்க முடியும். என் முன்னே இருந்தவை டாமியா நிறுவனத்தின் 1/20 அளவு ஃபெராரி எஸ்எஃப்70ஹெச் காரும், டிரம்பீட்டர் நிறுவனத்தின் 1/350 அளவு ஆர்லி பர்க் என்ற அமெரிக்க நாசகாரிப் போர்க்கப்பலும். நான் கப்பலை எடுத்தேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள ஆயர் தாவார் போன்ற செம்பனைத் தோட்டப் பட்டணங்களில் இருப்பவர்கள் கேட்டால் அதையே சொல்கிறேன்.

காரின் மீதான ஈர்ப்பை விளக்க வேண்டியதில்லை. 1999 முதல் செப்பாங்கில் நடந்துவந்த மலேசியப் பந்தயம் 2017 அக்டோபர் 1 அன்று கடைசி முறையாக நடந்தபோது ஓடிய கார் இது. ஃபெராரி ஓட்டுநர் வெட்டல் கடைசி இடத்திலிருந்து புறப்பட்டு நான்காவதாக வந்தார். அவருடைய அணித்தோழர் ராய்க்கோனனின் காரோ பந்தயம் தொடங்கும் முன்பே பழுதாகி ஒதுங்கியது. டாமியாவின் பாகங்கள் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தும் என்பதால், ஒட்டும் வேலையில் கார் கப்பலைவிட எளிது. விலையிலும் கப்பல்தான் சற்றுக் கூடுதல்.

ஆனால் முடிவைத் தீர்மானிப்பது ஒட்டும் வேலை அன்று, வண்ணப்பூச்சு. பந்தயக் காரின் அழகு முழுவதும் அதன் பளபளப்பில் இருக்கிறது. சிவப்பு வண்ணத்தின் மேல் விளம்பர ஒட்டுப்படங்களை ஒட்டி, அவற்றின் மேல் நிறமற்ற பளபளப்புப் பூச்சைப் பல அடுக்குகளாகத் தெளித்தால்தான் கார் காராகத் தெரியும். லாக்கர் வகைப் பூச்சில் உள்ள கரைப்பான் விரைவாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துவிடுகிறது. காற்றில் இருக்கும் ஈரம் அந்தக் குளிர்ந்த பரப்பில் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்வதால், கண்ணாடிபோல இருக்க வேண்டிய சிவப்பின் மேல் பால் தெளித்ததுபோல வெண்மை படர்கிறது. மாலை மழை தவறாத நம் ஊரில், காற்றின் ஈரப்பதம் எண்பது விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். ஆவியாதலைத் தாமதப்படுத்தும் மெல்லிப்பானை (தின்னரை) கலக்கலாம், வெயில் ஏறிய முற்பகலில் மட்டும் தெளிக்கலாம், வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ் கருவிக்குக் காற்று தரும் கம்பிரசரில் ஈரம் பிடிக்கும் வடிகட்டியைப் பொருத்தலாம். ஆயினும் மெதுவாக உலரும் பூச்சு ஒட்டும் பதத்தில் இருக்கும் நேரம் கூடுவதால், பக்கத்துச் செம்மண் சாலையில் போகும் லாரிகளின் தூசி அதில் வந்து அமர்ந்துகொள்ளும். நீரில் கரையும் அக்ரிலிக் பளபளப்புப் பூச்சை நான் அதிகம் பயன்படுத்தியதில்லை. ஆகவே இங்கே சொல்வது லாக்கருக்கு மட்டுமே பொருந்தும்.

கப்பலுக்கு இந்தத் தலைவலி இல்லை. அதன் சாம்பல் நிறம் மங்கலாகவே இருக்க வேண்டும். மங்கல் பூச்சும் ஈரத்தில் சற்று வெளுக்கக்கூடும் என்றாலும், உப்புக்காற்றில் மாதக்கணக்கில் ஓடிய கப்பலின் பக்கவாட்டில் அது உறுத்தாது. உழைப்பு வேறிடத்தில் போகிறது. ஏறத்தாழ 154 மீட்டர் நீளமுள்ள கப்பல் இந்த அளவில் 44 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. ஒரு மீட்டர் உயரமுள்ள கைப்பிடிக் கம்பிகள் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான பித்தளைத் தகடுகளாக வருகின்றன. அவற்றைக் கூரிய கத்தியால் வெட்டி, ஊசிமுனையில் எடுத்த உடனொட்டிப் பசையால் தளத்தின் ஓரத்தில் நிறுத்த வேண்டும். மேற்கட்டுமானத்தின் நான்கு முகங்களிலும் பதிந்திருக்கும் எண்கோண ரேடார் பலகைகளையும், முன்னால் 29, பின்னால் 61 என்று பிரிந்து நிற்கும் செங்குத்து ஏவுகணை அறைகளின் மூடிகளையும் கையால் வரிசைப்படுத்தும்போது, முதன்மை ரேடார் சுழலாமலேயே இந்தக் கப்பல் எப்படி எல்லாத் திசைகளையும் ஒரே நேரத்தில் பார்க்கிறது என்பது படித்ததைவிடத் தெளிவாகப் புரிந்தது. பக்கத்துக் கடற்படைத் துறைமுகமான லூமுட்டில் 2017 ஆகஸ்ட்டில் மகாராஜா லேலா என்ற மலேசியப் போர்க்கப்பலின் வெளியீட்டு விழா நடந்ததிலிருந்து இந்த ஊரில் கப்பலைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பதும் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

பராமரிப்பில் மட்டும் கார் முந்துகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வழவழப்பான காரை மென்தூரிகையால் துடைத்துவிடலாம். கைப்பிடிக் கம்பிகளுக்கும் அலைவாங்கிகளுக்கும் இடையே சேரும் தூசியைத் துடைக்கப் போனால் ஏதாவது ஒன்று உடையும். ஆகவே கண்ணாடிப் பெட்டியின் விலையையும் சேர்த்தே கப்பலின் செலவைக் கணக்கிட வேண்டும். குளிர்சாதன அறையில் பூச்சு வேலை செய்ய வசதியுள்ளவர்கள் தயங்காமல் காரை வாங்கலாம். பெட்டிக்கு இடமில்லாதவர்கள் இதே கப்பலை 1/700 அளவில் வாங்கினால், 22 சென்டிமீட்டரில் சிறிய பெட்டியே போதும்.