போடிமெட்டுக்கு மேலே ஒரு போன், இரண்டு சிம், ஓராண்டு ரீசார்ஜ்

போன் கடையில் முதலில் கேமராவைத்தான் காட்டுவார்கள். ஏலத்தோட்டத்துக்கு ஏறி இறங்குகிற நம்மைப் போன்றவர்கள் அதைக் கடைசியில் பார்த்தால் போதும். மலைமேல் நாம் நிற்கும் இடத்தில் எந்த நிறுவனத்தின் டவர் கிடைக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. அந்த டவரை இழுத்துப் பிடிக்கிற போன் எது என்பது அடுத்தது. எந்த மாதத்தில் கையில் காசு இருக்கும் என்பதை வைத்து ரீசார்ஜ். இந்த வரிசையில் போனதால்தான் இப்போது கையில் இருக்கும் போனும் சிம்மும் எனக்குச் சரியாக உதவுகின்றன.

எனக்கு வீடு போடிநாயக்கனூரில். வேலை பூப்பாறைக்கு அப்பால் ஒரு ஏலத்தோட்டத்தில். ஆள் கணக்கு, எடைக் கணக்கு, கூலிக் கணக்கு மூன்றையும் எழுதுகிறேன். விடியுமுன் ஜீப் ஏறினால் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு. அங்கிருந்து இடுக்கி மாவட்டம். வந்த ஆட்களின் பெயரைப் பதிவது, எடுத்த காயைப் படம் பிடித்து முதலாளிக்கு அனுப்புவது, கூலியை யுபிஐயில் போடுவது, மழை வலுத்தால் ஜீப் ஓட்டுநரை அழைப்பது, மகளின் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் எடுப்பது என்று என் போனுக்கு நாள் முழுக்க வேலை உண்டு. பழைய போன் நன்றாகவே ஓடியது. ஆனால் ஆண்ட்ராய்டு பதிப்பு பழையதாகிவிட்டது என்று வங்கிச் செயலி ஒரு நாள் திறக்க மறுத்தது. அதை வாங்கியபோது எத்தனை ஆண்டுகளுக்கு அப்டேட் வரும் என்று கடையில் யாரும் சொல்லவில்லை. கூலி நாளன்று பணம் போட முடியாமல் நிற்பது என்னோடு முடிகிற சங்கடமில்லை. முப்பது வீட்டு அடுப்பு அதை நம்பியிருக்கிறது.

முதலில் சிம். மலையில் டவர் சாய்வுக்குச் சாய்வு மாறும். எங்கள் காய் உலர்த்தும் ஸ்டோர் வாசலில் முழுக் கோடு காட்டும் சிம், ஓடைக்கு இறங்கினால் செத்துவிடும். பக்கத்துத் தோட்டத்தில் நிலைமை நேர் எதிர். ஆகவே நான் எந்த நிறுவனத்தின் சிம்முக்கு மாறினேன் என்று சொல்வதில் உங்களுக்குப் பயனில்லை. எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதைச் சொல்கிறேன். என் ஜீப்பில் வரும் பெண்கள் கையில் எல்லா நிறுவனங்களின் சிம்மும் இருக்கின்றன. மூத்தவர்கள் சிலரிடம் இன்றும் பிஎஸ்என்எல்தான். காய் எடுக்கும் இடத்தில், எடை போடும் இடத்தில், ஸ்டோருக்கு உள்ளே, ஜீப் நிற்கும் இடத்தில் அவர்கள் போனை வாங்கி அளவைக் குறித்துக்கொண்டேன். கோடுகளை நம்பாதீர்கள், ஒவ்வொரு போனும் தன் விருப்பத்துக்குக் கோடு காட்டும். சாம்சங் போனாக இருந்தால் செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’, அதற்குள் ‘ஸ்டேட்டஸ்’, அதற்குள் சிம் கார்டு நிலை என்று போனால் சிக்னல் வலிமை எண்ணாகவே இருக்கும். மற்ற ஆண்ட்ராய்டு போன்களிலும் ஏறக்குறைய இதே வழிதான். மைனஸ் 85க்குப் பக்கத்தில் இருந்தால் நல்ல சிக்னல். மைனஸ் 110க்குக் கீழே இறங்கினால் பேச்சு அறுந்து அறுந்து வரும். நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் சேவைப் பரப்பைக் காட்டும் வரைபடம் வெளியிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்டிருக்கிறது. அதையும் பார்த்தேன். ஊருக்கு அது போதும். தகரக் கூரைக்கும் மலை மடிப்புக்கும் வரைபடத்தில் இடமில்லை.

இந்த ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் உண்டு. அலைவரிசை எண் குறைந்தால் அலை தூரம் போகும், சுவரையும் மரத்தையும் கொஞ்சம் துளைக்கும். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அப்படிப்பட்டவை. ஏர்டெலின் 4ஜி சேவைக்கு 900, ஜியோவின் 4ஜிக்கு 850, பிஎஸ்என்எல்லின் 4ஜிக்கு 700 என்று ஒவ்வொருவரிடமும் ஒரு தாழ்ந்த அலைவரிசை இருக்கிறது. நகரத்தில் பாய்ந்து ஓடுகிற 5ஜியின் பெரும்பகுதி 3300 மெகாஹெர்ட்ஸில் வருவது. ஒரு மேட்டைத் தாண்டினாலே தேய்ந்துவிடும். மலைக்காரர்கள் ‘5ஜி வேகம்’ என்ற பேச்சுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் என்று உறுதியாகச் சொல்வேன். பிஎஸ்என்எல் வைத்திருப்பவர்கள் போன் வாங்கும்போது, அது பேண்ட் 28 என்ற 700 மெகாஹெர்ட்ஸை ஏற்குமா என்று தயாரிப்பாளரின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். உள்நாட்டிலேயே உருவாக்கிய தொழில்நுட்பத்தில் பிஎஸ்என்எல்லின் 4ஜி 2025 செப்டம்பரில் நாடு முழுவதற்குமாகத் தொடங்கிவைக்கப்பட்டது. அந்த பேண்ட் இல்லாத போனில் மலைமேல் அதன் முழுப் பயன் கிடைக்காது.

எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றினேன். ஆங்கில எழுத்தில் போர்ட் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, பத்து இலக்க எண்ணைச் சேர்த்து 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியீடு வரும். தமிழ்நாட்டில் அது நான்கு நாள் செல்லும். அதையும் ஆதாரையும் எடுத்துப்போனால் போதும். ஒரே வட்டத்துக்குள், அதாவது ஒரே தொலைத்தொடர்புப் பகுதிக்குள், மூன்று வேலை நாளில் மாறிவிடும். இப்போதுள்ள நிறுவனத்தில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும். சிம் தொலைந்து மாற்றுச் சிம் வாங்கியிருந்தால் அதிலிருந்து ஏழு நாள் பொறுக்க வேண்டும். எண் திருட்டைத் தடுக்க 2024 ஜூலையில் வந்த விதி இது. கடையில் என்னைப் புது எண் எடுக்கச் சொல்லி வற்புறுத்தினார்கள். வங்கி, ஆதார், ரேஷன் கார்டு எல்லாவற்றிலும் பழைய எண் இருக்கிறது. மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

போடிமெட்டைத் தாண்டினால் நாம் கேரள வட்டத்தில் ரோமிங்கில் இருக்கிறோம். இன்றைய அன்லிமிடெட் திட்டங்களில் அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. ஆனால் சில போன்களில் ‘டேட்டா ரோமிங்’ பொத்தான் அணைந்திருந்தால் பேச்சு வரும், இணையம் வராது. எங்கள் ஜீப்பில் பலருக்கு இதுதான் குறை. நிறுவனத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள், பொத்தானைத் தட்டியதும் வாட்ஸ்அப் வந்துவிட்டது.

இனி போன். எனக்கு வேண்டியவை நான்கு: நீண்ட கால அப்டேட், நாள் முழுக்க நிற்கும் பேட்டரி, இரண்டு சிம், வைஃபை வழியாகப் பேசும் வசதி. இருபதாயிரத்துக்குள் பார்த்ததில் சாம்சங் கேலக்ஸி ஏ16 5ஜி எனக்குப் பொருந்தியது. 2024 அக்டோபரில் வந்தது. 8 ஜிபி ரேம், 128 ஜிபி இடம் உள்ளதன் அறிமுக விலை 18,999 ரூபாய். 256 ஜிபி உள்ளது 21,999. நான் வாங்கும்போது இரண்டுமே அதைவிடக் குறைந்திருந்தன. இதை எடுக்க வைத்தது ஒரே வாக்குறுதி: ஆறு ஆண்ட்ராய்டு பதிப்புகள், ஆறு ஆண்டுகள் பாதுகாப்பு அப்டேட். இந்த விலையில் அது பெரிய விஷயம். 2030 வரை வங்கிச் செயலி என்னைக் கைவிடாது என்ற நிம்மதிக்கு நான் கேமராவில் எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பேன். 50 மெகாபிக்சல் கேமரா இருக்கிறது. பச்சைக் காய்க்கும் உலர்ந்த காய்க்கும் நிற வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறது. எனக்கு வேண்டியது அவ்வளவே.

பேட்டரி 5,000 எம்ஏஎச். டவர் குறைந்த இடத்தில் போன் சிக்னலைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்னும். ஊரில் இரண்டு நாள் நிற்பது மலையில் ஒரு நாள்தான் நிற்கும். இதை நினைவில் வைத்துத்தான் எந்த போனின் பேட்டரியையும் கணக்கிட வேண்டும். 6.7 அங்குல அமோலெட் திரை வெயிலிலும் படிக்க முடிகிறது. தூசிக்கும் தெறிக்கும் நீருக்கும் ஐபி54 பாதுகாப்பு உண்டு. சாரல் மழைக்கு அது போதும். ஓடையில் விழுந்தால் போதாது. காய் எடுப்பு நாட்களில் விரலில் ஏறும் கறைக்கு எந்த போனின் கைரேகை உணரியும் தடுமாறும், ஆகவே நான்கு இலக்கப் பின் எண்ணையும் போட்டு வையுங்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பெட்டியில் சார்ஜர் இல்லை. 25 வாட் சார்ஜரைத் தனியாக வாங்க வேண்டும். இயர்போன் துளை இல்லை. இரண்டாவது சிம்மும் மெமரி கார்டும் ஒரே இடத்தைப் பகிர்கின்றன. இரண்டு சிம் போட்டால் கார்டு போட முடியாது. மலைக்காரர்களுக்கு இரண்டாவது சிம் அவசியம் என்பதால் முடிந்தவர்கள் 256 ஜிபி எடுங்கள். நான் அதைத்தான் எடுத்தேன். கடைகளில் ‘8 கூட்டல் 8, பதினாறு ஜிபி ரேம்’ என்று சொல்லி விற்பார்கள். பின்னால் சொல்லும் எட்டு, போனின் சேமிப்பு இடத்திலிருந்து கடன் வாங்கியது. உண்மையான ரேமின் வேகம் அதற்கு வராது. அதற்காக ஒரு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம்.

எல்லாவற்றையும்விட என்னை மகிழ்வித்தது வைஃபை அழைப்பு. எங்கள் ஸ்டோரின் கனத்த சுவருக்கும் தகரத்துக்கும் உள்ளே எந்த டவரும் நுழையாது. உலர்த்தும் இரவுகளில் உள்ளே இருப்பவரை வீட்டிலிருந்து அழைக்கவே முடியாது. தோட்ட அலுவலகத்துக்கு ஃபைபர் இணைப்பு இருக்கிறது. செட்டிங்ஸில் வைஃபை காலிங்கை இயக்கியதும், சாதாரண எண்ணுக்கு வரும் சாதாரண அழைப்பு அந்த வைஃபை வழியாக வந்து மணியடித்தது. வாட்ஸ்அப் வேண்டாம், தனிச் செயலி வேண்டாம், கூடுதல் கட்டணம் இல்லை. ஏர்டெலும் ஜியோவும் ஐந்தாறு ஆண்டுகளாகவே தருகிற வசதி இது. டவர் இல்லாத வீட்டில் வைஃபை இருந்தும் மொட்டை மாடிக்கு ஓடுகிறவர்களைப் பார்க்கும்போது யாராவது இவர்களுக்கு இதைச் சொல்லக் கூடாதா என்று மனம் அடித்துக்கொள்ளும்.

ரீசார்ஜ் விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. 28 நாள் திட்டம் மாதத் திட்டம் ஆகாது. ஆண்டுக்குப் பதின்மூன்று முறை போட வேண்டும். 2024 ஜூலை விலை உயர்வுக்குப் பிறகு 299 ரூபாய் ஆன 28 நாள் திட்டத்தைப் பதின்மூன்று முறை போட்டால் 3,887 ரூபாய். அதே உயர்வுக்குப் பிறகு ஏர்டெலிலும் ஜியோவிலும் 365 நாள் திட்டம் 3,599 ரூபாய். நாளொன்றுக்கு ஏர்டெலில் 2 ஜிபி, ஜியோவில் 2.5 ஜிபி. குறைந்த பணம், கூடுதல் டேட்டா. இருந்தும் எங்கள் பெண்கள் 28 நாள் திட்டத்தையே போடுகிறார்கள், மொத்தமாகக் கொடுக்கக் கையில் இருக்காது என்பதால். இல்லாதவர்தான் அதிகம் கொடுக்கிறார். காய் எடுப்பு ஆடி ஆவணியில் தொடங்கித் தை மாசி வரை போகும். அந்த மாதங்களில்தான் கூலி முழுதாக வரும். பங்குனி சித்திரையில் வேலை நாள் குறையும். ஆகவே ஓராண்டு ரீசார்ஜைக் காய் எடுப்புக் காலத்தில் போட்டுவிட்டேன். கோடையில் வாலிடிட்டி முடிந்து போன் ஊமையாகிற கவலை இல்லை. இப்போது எங்கள் மகளிர் குழுவில் இதற்கென்று சிறு தொகை சேர்க்கிறோம். இரண்டு பெண்கள் ஓராண்டுத் திட்டத்துக்கு மாறியிருக்கிறார்கள்.

ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: வரம்பற்ற 5ஜி, பெரும்பாலும் நாளுக்கு 2 ஜிபி அல்லது அதற்கு மேல் உள்ள திட்டங்களுக்குத்தான். ஊரிலேயே இருப்பவர்களுக்கு அது பயன்படும். எனக்கு இரவில் மகள் பாட வீடியோ பார்க்கும்போது பயன்படுகிறது.

அம்மாவுக்குப் பொத்தான் போன்தான் வசதி. இணையம் வேண்டாம். முன்பு தேவையில்லாத டேட்டாவுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டியிருந்தது. பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான திட்டம் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. மறு மாதமே நிறுவனங்கள் அறிவித்தன: ஏர்டெலில் 84 நாளுக்கு 469, ஓராண்டுக்கு 1,849; ஜியோவில் 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1,748. இதைக் கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார், கேட்டு வாங்க வேண்டும். அதற்கு முன் ஏர்டெலில் 24 ஜிபி டேட்டாவோடு ஓராண்டுத் திட்டம் 1,999 ரூபாய்க்கே இருந்தது. வித்தியாசம் 150 ரூபாய். டேட்டாவையே எடுத்துவிட்டு அவ்வளவுதான் குறைப்பது நியாயமில்லை. டிராய் இதை மறுபடியும் பார்க்க வேண்டும். இன்னொன்று, ஜியோவில் 2ஜி கிடையாது. பழைய 2ஜி பொத்தான் போனில் அந்த சிம் வேலை செய்யாது. வயதானவர்களுக்கு மலிவாக இருக்கிறதென்று சிம்மை மட்டும் மாற்றிக் கொடுக்காதீர்கள்.

பில் போடும்போது நிதானம் வேண்டும். நான் வாங்கிய கடையில் கேட்காமலே ஒரு காப்பீட்டையும் திரைக் கண்ணாடியையும் சேர்த்திருந்தார்கள். வரி வரியாகப் படித்து நீக்கச் சொன்னேன், நீக்கினார்கள். ‘வட்டியில்லா’ தவணை என்றார்கள். அதில் செயலாக்கக் கட்டணமும் வட்டிப் பகுதிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு, ரொக்கத்துக்குக் கொடுக்கும் தள்ளுபடி அதில் கிடைக்காது. கடையை விட்டு இறங்குமுன் *#06# அடித்து, திரையில் வரும் ஐஎம்இஐ என்ற போனின் அடையாள எண்ணும் பெட்டியிலும் பில்லிலும் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பில்லைப் படம் எடுத்து வீட்டில் இன்னொருவர் போனுக்கு அனுப்பி வையுங்கள். ஜீப்பில் போன் தவறினால், மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதை முடக்க அந்த எண்ணும் காவல்துறைப் புகாரின் நகலும் வேண்டும்.