1,850 டாலர் போச்சு: பழைய பிக்கப்பில் டேங்க் இடம் மாற்றப் போறவங்க படிச்சிட்டுப் போங்க

என் வண்டி 1970 செவ்ரோலெட் சி10. 1967 முதல் 1972 வரை வந்த இந்த வண்டிகள்ல பெட்ரோல் டேங்க் கேபினுக்குள்ளயே, சீட்டுக்குப் பின்னாடி இருக்கும். வெயில்ல நிறுத்திட்டுக் கதவைத் திறந்தா வாடை குப்புன்னு அடிக்கும். பிள்ளையை ஏத்திக்கிட்டுப் போக மனசு வராது. அதனால டேங்க்கைப் பின் ஆக்சிலுக்குப் பின்னால சேஸிஸுக்கு நடுவுல இறக்கி, ஃபில்லரை, அதாவது பெட்ரோல் ஊத்தற வாயைப் பின் பாடியோட தரையில வைக்கலாம்னு முடிவு பண்ணேன்.

வேலையை ஒரு கடையில கொடுத்தேன். பழைய டிரக்குகளுக்கு சாமானும் வித்து வேலையும் செய்யற கடை அது. ஓனர் தன்னோட சொந்த வண்டிக்கு அடியில என்னைப் படுக்கச் சொல்லி டார்ச் அடிச்சுக் காட்டினார். ஹோஸ், கிளாம்ப், எர்த் வயர், எல்லாம் கண்ணுல ஒத்திக்கலாம் போல இருந்துச்சு. "இதே சாமான், இதே ஆள்தான் உங்க வண்டிக்கும்"னு தோளைத் தட்டினார். கிரெடிட் கார்டுன்னா தனிக் கட்டணம், நேரா அக்கவுண்ட்டுக்கு அனுப்பினா அது இல்லைன்னார். 1,850 டாலர், மொத்தமா அனுப்பினேன்.

வண்டி கைக்கு வந்ததும் பெட்ரோல் போடப் போனா, நாசில் டக்கு டக்குன்னு கட் ஆகுது. அதைவிடக் கொடுமை, டேங்க் நிறைய நிறைய கேஜ் முள் கீழ இறங்குது! டேங்க்குக்குள்ள இருக்கற சென்டர் (sender)ங்கற கருவிதான் பெட்ரோல் அளவை மின்தடையா, ஓம் கணக்குல, கேஜுக்குச் சொல்லும். செவ்ரோலெட் கேஜுக்கு டேங்க் காலின்னா 0 ஓம், நிறைஞ்சா 90 ஓம் வரணும். இவங்க மாட்டினது பழைய ஃபோர்டு கணக்குல ஓடற சென்டர்: காலின்னா 73, நிறைஞ்சா 10. அடியில பார்த்தா ஃபில்லர் ஹோஸ் நடுவுல தொய்ஞ்சு தொங்குது, அதுல பெட்ரோல் தேங்கி நிக்குது. காத்து வெளியேற வென்ட் குழாயே இல்லை. அந்த ஹோஸும் ரேடியேட்டர் ஹோஸ்! பெட்ரோல்ல ஊறி உப்பி, விரலால அமுக்கினா பள்ளம் விழுது. பக்கத்துலயே சூடா சைலன்சர் குழாய். உயிரோட விளையாடியிருக்காங்க.

போன் பண்ணா "பழைய வண்டின்னா கேஜ் அப்படித்தான்". அப்புறம் "பங்க் நாசில்ல கோளாறு". அப்புறம் "வேலை செஞ்ச ஆள் நின்னுட்டான்". போட்டோ அனுப்பினேன், பார்த்தாங்க, பதில் இல்லை. நேர்ல போனா கவுன்டர்ல இருந்த பையன் ரசீதுக்குப் பின்னாடி இருக்கற வரியைக் காட்டறான்: மாட்டின சாமானுக்குப் பணம் திரும்பாது. 1,850 டாலருக்கு இதுதான் மரியாதை.

செய்யப் போறவங்களுக்கு அவசரமா நாலு வார்த்தை. மாட்டறதுக்கு முன்னாடி சென்டரை மீட்டர் வச்சு ஓம் பாருங்க. ஃபில்லர் ஹோஸ் மேலிருந்து டேங்க் வரைக்கும் இறக்கமாவே வரணும், அது மேலயே பெட்ரோல் ஹோஸுக்கான தரக் குறியான எஸ்ஏஇ ஜே30 (SAE J30)ன்னு அச்சடிச்சிருக்கணும். வண்டி கவிழ்ந்தா பெட்ரோல் கொட்டாம அடைக்கற வால்வோட வென்ட் இருக்கான்னு கேளுங்க. கார்டைத் தவிர்க்கச் சொல்ற கடைக்கு 1,850 இல்லை, 50 டாலர்கூட முன்பணம் தராதீங்க.