உப்புத் தண்ணீரும் துருப்பிடித்த கோபுரமும்: கவர்ட் ஸ்பிரிங்ஸ் முகாமில் இரண்டு இரவுகள்

தெற்கு ஆஸ்திரேலியாவில் மாரீ என்ற சிற்றூரிலிருந்து மார்லா வரை ஏறக்குறைய 620 கிலோமீட்டருக்குச் செம்மண்ணும் சரளையுமாக ஒரு சாலை ஓடுகிறது. ஊட்னடாட்டா டிராக் என்பது அதன் பெயர். அந்தச் சாலையில் மாரீயிலிருந்து 130 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதுதான் கவர்ட் ஸ்பிரிங்ஸ் முகாம். சென்ற ஜூலை மாதம் மகள், மாப்பிள்ளை, பத்து வயதுப் பேத்தி ஆகியோருடன் அடிலெய்டிலிருந்து கிளம்பி அங்கே இரண்டு இரவுகள் தங்கினேன். கூடாரம் அடிக்கும் இடம், குளியல், கழிப்பறை பற்றியெல்லாம் பின்னால் சொல்கிறேன். முதலில் கோபுரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் இந்த முகாமின் அருமையை விளக்க என்னால் முடியாது.

மாரீயைத் தாண்டி நூறு கிலோமீட்டர் போல வந்தபோது, மரம் மட்டை இல்லாத வெளியில் சில உருவங்கள் எழுந்து நின்றன. அந்த இடத்துக்கு கர்டிமர்கா என்று பெயர். ரயில் பாதைத் தொழிலாளர்கள் தங்கிய நீளமான கட்டடம் ஒன்று, கால்கள் நட்டு உயர்த்திய தண்ணீர்த் தொட்டி ஒன்று, அதற்கருகில் தொட்டியைக் காட்டிலும் உயரமாக, உருளை வடிவில் ஓர் இரும்புக் கோபுரம். கட்டடத்தையும் தொட்டியையும் பார்த்ததும் புரிந்துகொண்டேன். தண்டவாளம் கூட இன்னும் அப்படியே கிடக்கிறது. என் பையில் எப்போதும் ஓர் அளவு நாடா இருக்கும். எடுத்து அளந்தேன். மூன்றரை அடி, அதாவது 1067 மில்லிமீட்டர். நான் பழகிய மீட்டர் கேஜைவிட 67 மில்லிமீட்டர் அகலம்.

கோபுரம் மட்டும் பிடிபடவில்லை. ரிவெட் அடித்த தகடுகள். மேலே ஏற ஏணி, உச்சியில் நடைமேடை போன்ற ஒன்று. தட்டிப் பார்த்தால் உள்ளே வெறுமையான ஓசை. மாப்பிள்ளை, "வூமரா ராக்கெட் தளம் இந்தப் பக்கம்தானே மாமா, அதோடு தொடர்புடையதாக இருக்குமோ?" என்று கேட்டார். பேத்தி அதை நெல் குதிர் என்றாள். ஊரில் என் அக்கா வீட்டில் அவள் பார்த்தது அது ஒன்றுதான். எனக்குச் சுண்ணாம்புக் காளவாயின் நினைவு வந்தது. ஆனால் தீ எரிந்த தடம் எங்கும் இல்லை. திருச்சி பொன்மலைப் பணிமனையில் 1978இல் சேர்ந்து, நீராவி இன்ஜின்களின் கடைசிக் காலம் வரை பாய்லர் பிரிவில் ஃபிட்டராக இருந்தவன் நான். ரயில்வே சொத்தில் ஒரு இரும்புப் பாத்திரம் நிற்கிறது, அது எதற்கென்று எனக்குத் தெரியவில்லை என்பது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. வழி நெடுக அதே நினைப்பு.

முகாமுக்கு முன்னால் சில கிலோமீட்டரில் வப்மா கடர்பு ஊற்றுப் பூங்கா இருக்கிறது. அவசரமாகக் கடந்து போகாதீர்கள். அங்கே தண்ணீர் மண்ணுக்குள்ளிருந்து குமிழியிட்டு வருகிறது. வரும்போதே உப்பையும் சுண்ணாம்பையும் சுற்றிலும் படிய விட்டு, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் தனக்குத் தானே ஒரு மேட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறது. பப்ளர் என்னும் ஊற்றில் மணல் கொதிப்பதுபோல் சுழன்று சுழன்று எழுகிறது. வப்மா கடர்பு என்றால் பாம்பின் தலை. அந்தக் கொப்பளிப்பு, கொல்லப்பட்ட மாபெரும் பாம்பின் துடிப்பு என்பது இம்மண்ணின் மக்களான அரபானாக்களின் கதை. ஆஸ்திரேலியாவின் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நிலத்துக்கு அடியில் பரந்து கிடக்கும் பெரும் ஆர்ட்டீசியன் படுகையின் நீர் இது. கிழக்கே வெகு தொலைவில் பெய்த மழை பாறைக்குள் ஊறி, இங்கே வந்து சேர்வதற்குள் லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகிவிடுகின்றன.

மாலை நான்கு மணிக்கு முகாமை அடைந்தோம். கவர்ட் ஸ்பிரிங்ஸ் ஒரு காலத்தில் ரயில் நிலையம். 1888இல் இங்கே பாதை வந்தது. பேரீச்சை மரங்கள் அந்த ரயில் காலத்தவை. இன்றும் தழைத்து நிற்கின்றன. அவற்றின் நிழல் பட்டதும் உடம்பு தளர்ந்துவிட்டது. நிலைய அதிகாரியின் வீட்டையும் இன்ஜின் டிரைவர்கள் தங்கிய அறையையும் சிதையாமல் செப்பனிட்டு வைத்திருக்கிறார்கள். உள்ளே அக்காலப் படங்களும் வரலாற்றுக் குறிப்புகளும் உள்ளன. பொன்மலையில் நாங்கள் 'ரன்னிங் ரூம்' என்போம். டிரைவரும் ஃபயர்மேனும் அடுத்த வண்டி வரும்வரை உடம்பைக் கிடத்தும் அறை. இந்த அறையின் வாசலில் நின்றபோது கரியும் எண்ணெயும் கலந்த அந்த வாசனை எனக்கு வந்தது. உண்மையில் அங்கே அப்படி எந்த வாசனையும் இல்லை. அதிகாரியின் வீட்டைக் காப்பவர்கள் பல நாடுகளிலும் உண்டு. இன்ஜின் ஓட்டியவன் படுத்த இடத்தையும் அதே கவனத்தோடு காத்திருக்கிறார்களே, இதற்காகவே இவர்களுக்கு நான் நன்றி சொல்வேன்.

இனி குளியல் தொட்டி. 1880களில் இங்கே ஆழ்துளைக் கிணறு தோண்டியிருக்கிறார்கள். குழாய் அரித்துப்போய் நீர் கட்டுக்கடங்காமல் வெளியேறி, காலப்போக்கில் ஓர் ஈரநிலமே உருவாகிவிட்டது. 1993இல் கிணற்றைச் சீரமைத்தார்கள். அந்த நீர் பழைய ஸ்லீப்பர் கட்டைகள் பதித்த ஒரு தொட்டியில் விழுந்து நாணலுக்குள் ஓடுகிறது. வெதுவெதுப்பான நீர். சாயங்காலக் குளிர்காற்று முகத்தில் அறைய, கழுத்துவரை அதில் அமிழ்ந்து உட்கார்ந்தேன். கட்டையில் ஆணி பிடுங்கிய துளை என் விரலுக்குத் தட்டுப்பட்டது. எத்தனை வண்டியின் பாரத்தைச் சுமந்த கட்டையோ.

நீர் உதட்டில் பட்டது. உப்பு.

தலையைத் திருப்பிக் குழாயின் வாயைப் பார்த்தேன். அதன் உதட்டைச் சுற்றி வெள்ளையாக ஒரு விளிம்பு படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். சாம்பலும் வெள்ளையும் கலந்து, முட்டையோடு போல மெல்லிதாக, விரலில் நொறுங்கியது. இருபது ஆண்டுகள் இதை உளியால் கொத்தியவன் நான். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்று வீட்டில் சொல்வார்கள். வெந்நீர் அண்டாவின் அடியில் படிவதும் இதுதான். பாய்லர் டியூபின் மேல் இது படிந்தால் நெருப்பின் சூடு தண்ணீருக்குப் போகாது, கரி வீணாகும். படிவு தடித்தால் இரும்பு அளவுக்கு மீறிச் சூடேறித் தொய்ந்துவிடும். அப்படித் தொய்ந்த டியூபை என் கையால் கழற்றியிருக்கிறேன்.

"அது தண்ணீரை மென்மையாக்கும் கோபுரம்!" என்று தொட்டியிலிருந்தே கத்தினேன். மகள் பயந்துபோய், "என்னப்பா, என்ன ஆயிற்று?" என்று ஓடி வந்தாள்.

இரவு தீ மூட்டி உட்கார்ந்து பேத்திக்கு மண்ணில் படம் போட்டு விளக்கினேன். கோபுர உச்சியில் கடின நீரோடு சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் அளந்து கலப்பார்கள். நீர் நடுவே கீழே இறங்கி, திசை திரும்பி மெல்ல மேலேறும். ஏறும்போது கால்சியமும் மக்னீசியமும் சேறாகித் திரண்டு அடியில் தங்கிவிடும். தெளிந்த நீர் மேலே வடிகட்டப்பட்டு வெளியேறும். சேற்றை அவ்வப்போது அடி வால்வு வழியாகத் திறந்துவிட வேண்டும். உயரம் அதனால்தான் தேவைப்பட்டது. சேறு படிய நீருக்கு நேரம் கொடுக்க வேண்டும். கென்னிகாட் முறை என்று அதற்குப் பெயர். இந்தக் கோபுரங்களை உப்பு நீக்கும் கோபுரம் என்றே பலரும் எழுதுகிறார்கள். கடல் நீரைக் குடிநீராக்குவது போன்ற வேலை அல்ல அது. சோடிய உப்புகள் நீரிலேயே தங்கிவிடும். அது மிகுந்தால் பாய்லரில் நுரை கட்டி, நீராவியோடு தண்ணீரும் சேர்ந்து சிலிண்டருக்குள் போகும். டிரைவர் அந்தத் தொல்லையைப் பட்டுத்தான் தீர வேண்டும்.

"தண்ணீர் இவ்வளவு மோசம் என்றால் ரயிலை ஏன் தாத்தா இந்தப் பக்கம் விட்டார்கள்?" என்று பேத்தி கேட்டாள். நல்ல கேள்வி. வேறெங்கும் தண்ணீரே இல்லை என்பதுதான் பதில். ஊற்றிலிருந்து ஊற்றுக்கு நடந்து செல்லும் வழியை அரபானாக்களும் அவர்களின் அண்டை மக்களும் தொன்றுதொட்டு அறிந்திருந்தார்கள். 1858 முதல் ஜான் மக்டூவல் ஸ்டூவர்ட் வடக்கே பயணம் போனது ஊற்றுகளை நம்பித்தான். 1872இல் முடிந்த தந்திக் கம்பியும் இந்தத் தடத்தையே பற்றிக்கொண்டு டார்வின் வரை போயிற்று. அதன் பின்னால் ரயில் வந்தது. போர்ட் அகஸ்டாவில் 1878இல் தொடங்கிய பாதை, 1884இல் மாரீ, 1891இல் ஊட்னடாட்டா, 1929இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்று நகர்ந்தது. 1954இல் டீசல் இன்ஜின் வந்த பிறகு கோபுரங்களுக்கு வேலை குறைந்தது. 1980இல் மேற்கே புதிய ஸ்டாண்டர்டு கேஜ் பாதை திறந்ததும் பழைய பாதைக்கே வேலை போயிற்று.

மறுநாள் காலை வடக்கே பெரஸ்ஃபோர்ட் வரை போனோம். கூரையிழந்த நிலையக் கட்டடம், தண்ணீர்த் தொட்டி, அதே கோபுரம். இம்முறை நான் நேரே கோபுரத்தின் அடிக்குப் போனேன். பேத்தியே சுற்றி வந்து சேற்றுக் குழாய் இருக்கும் இடத்தைக் காட்டினாள். இப்படிப்பட்ட இடங்களில் அந்த இயந்திரம் எப்படி வேலை செய்தது என்று நான்கு வரியில் ஒரு பலகை வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். எத்தனையோ வண்டிகள் நிற்கின்றன. எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு, என்னவென்று அறியாமலே போய்விடுகிறார்கள்.

முகாமின் வசதிகளுக்கு வருகிறேன். மின் இணைப்புள்ள இடங்களை எதிர்பார்த்துப் போகாதீர்கள். எங்கள் கைப்பேசிகளில் சிக்னல் வரவில்லை. விறகடுப்பில் காய்ச்சிய வெந்நீரில் குளிக்க முடிந்தது. கழிப்பறைகள் எளிமையானவை, ஆனால் துப்புரவு. கூடாரங்களுக்கிடையே மரங்களும் புதர்களும் இருப்பதால் பக்கத்துக் குடும்பத்தின் பேச்சு காதில் விழவில்லை. ஜூலை இரவில் குளிர் எலும்புக்குள் இறங்கும். கம்பளி இரண்டாகக் கொண்டு போங்கள். பகலில் ஈக்கள் உண்டு; முகத்துக்கு வலை வாங்கிக்கொள்ளுங்கள். குடிநீரை முழுக்கக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். போர்ட் அகஸ்டாவில் நாங்கள் நாற்பது லிட்டர் நிரப்பிக்கொண்டோம். மகள் இரண்டாம் நாள் சாம்பார் வைத்தபோது அந்த நீரில்தான் பருப்பை வேக வைத்தாள்.

வண்டி பற்றி ஓர் எச்சரிக்கை. நாங்கள் வாடகைக்கு எடுத்த வண்டியின் மாற்றுச் சக்கரத்தில் காற்றே இல்லை என்பதை நடுவழியில் டயர் கிழிந்த பிறகுதான் கண்டோம். வேறொரு வண்டிக்காரர் காற்றடிக்கும் இயந்திரம் கொடுத்து உதவியிராவிட்டால் அன்றிரவு சாலையிலேயே கிடந்திருப்போம். வாடகை நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே மாற்றுச் சக்கரத்தை உங்கள் கையால் அழுத்திப் பாருங்கள். மழை பெய்தால் சாலையை மூடிவிடுவார்கள் என்பதால், கிளம்பும் அன்று காலை சாலை நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே கோடையான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இந்தப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

ஒரே இரவு தங்கிவிட்டுக் கிளம்புவதாக இருந்தால், வரும் வழியில் கர்டிமர்காவில் ஒரு மணி நேரமாவது இறங்கி நடங்கள். பிறகு முகாமுக்கு வந்து, இருட்டுவதற்கு முன் தொட்டியில் உட்கார்ந்து, அந்தக் குழாயின் உதட்டைத் தடவிப் பாருங்கள். நான் சுரண்டிய இடம் இதற்குள் மறுபடி வெளுத்திருக்கும்.